ஒரு மடிக்கு ஒரு பெட்டி

அக்ரிபினாவின் கண்ணைத் தராசு என்றுதான் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். மால்டோவாவின் தலைநகரான கிஷினாவில், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்ஸில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்தவள் அவள். சந்தையில் ஏறுகிறவள் கையில் இருப்பது சும்மா பையா, தனி டிக்கெட் வாங்க வேண்டிய மூட்டையா என்பதை, அவள் படியில் ஒரு கால் வைக்கும்போதே சொல்லிவிடுவாள். கோட்டுக்குள் வாத்தை ஒளித்துக்கொண்டு ஏறியவர்களும் உண்டு. அக்ரிபினா அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். கோட்டின் புடைப்பைப் பார்ப்பாள். "உனக்கு ஒண்ணு, வாத்துக்கு ஒண்ணு" என்று இரண்டு டிக்கெட்டை நீட்டுவாள். அவள் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. கண் ஓய்வு பெறவில்லை. யார் வீட்டுக்கு எத்தனை கிலோ திராட்சை போகிறது, யார் மருமகள் கோடையில் எத்தனை கிலோ ஏறினாள் என்பதெல்லாம் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவள் ஒரு துரோகம் செய்தாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்தாள். இரண்டு பூனைகளுக்குச் செய்தாள்.

அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள் நெயோனிலா. நாற்பது வயது, தையல் தொழிற்சாலையில் வேலை. அவள் கணவன் டுடோர் நான்கு வருடமாக இத்தாலியில், வெரோனாவில், கட்டட வேலை பார்க்கிறான். ஒருவழியாக அங்கே இரண்டு அறை உள்ள வீடு பிடித்துவிட்டான். ஆகவே நெயோனிலாவும் வேலையை விட்டு, சாமான்களை விற்று, வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறாள். திரும்பி வரப்போவதில்லை. பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பூனைகள் உண்டு. சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளி தெளித்த ஆண் பூனைக்கு மிளகு என்கிற அர்த்தத்தில் பிப்பெர் என்று பெயர். வெள்ளையாகப் புசுபுசுவென்று இருக்கும் அதன் தங்கைக்குக் கம்பளி என்கிற அர்த்தத்தில் லினா. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், அடித்தளத்தில் வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால் கிடைத்த குட்டிகள். குழாய் பார்க்க வந்தவன் முதலில் ஒரே குட்டி என்றுதான் நினைத்தான். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தலை! ரெண்டு தலை!" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடிவந்தான். அந்த ஆள் அதற்கப்புறம் குடியை விட்டதாகவும் பேச்சு. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

சிக்கலைக் கொண்டுவந்தவன் பஸ்காரன் ஃபிலிமோன். சனிக்கிழமை தோறும் ஆட்களையும் பாட்டில் பாட்டிலாக ஒயினையும் மூட்டை மூட்டையாகப் பாலாடைக்கட்டியையும் இத்தாலிக்கு ஏற்றிச் செல்கிறவன். போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

"பாருங்கம்மா, ஒரு மடிக்கு ஒரு பெட்டி. உங்க மடியில பிடிக்கிற பெட்டி. அதுக்குள்ள பூனை வச்சுக்கோங்க, புலி வச்சுக்கோங்க, எனக்கென்ன. ரெண்டாவது பெட்டிக்கு சீட்டும் கிடையாது, இடமும் கிடையாது. உயிருள்ளதை நான் கீழே சாமானோட போட மாட்டேன்."

ஊசி போட்டாயிற்று, சிப் வைத்தாயிற்று, இரண்டுக்கும் ஆளுக்கொரு பாஸ்போர்ட்கூட வந்தாயிற்று. இனி இரண்டும் கொள்ளும்படி, மடிக்கு மேல் போகாதபடி ஒரு பெட்டி வேண்டும். கொள்ளாவிட்டால் ஒன்று இங்கேயே தங்க வேண்டியதுதான்.

இந்தச் செய்தி வந்த அன்று அக்ரிபினாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏன் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பூனை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள். "சூப்புல முடி விழும்" என்பது அவள் நிரந்தர வசனம். ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு பிப்பெர் பால்கனித் தடுப்பின் மேல் நடந்து அவள் வீட்டுக்குள் வந்து, ஜன்னல் திட்டில் உட்கார்ந்து, பன்னிரண்டு மணிவரை அவளோடு சேர்ந்து தெருவைப் பார்க்கும். யார் போகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்று இருவரும் பார்ப்பார்கள். ஒன்று பேசும், ஒன்று பேசாது. புருஷன் செத்துப் பதினோரு வருடமான ஒரு பெண்ணுக்கு, சொல்லுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லாத துணை எங்கே கிடைக்கும்? மாவு டப்பாவுக்குப் பின்னால் அவள் புதுசாக ஒரு நீலக் கிண்ணம் வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். அடியில் மீன் படம் போட்டது. மனுஷர் சாப்பிடுகிற கிண்ணமில்லை.

ஒன்று தங்க வேண்டிவந்தால் தங்கப்போவது பிப்பெர்தான். லினாவுக்கு நெயோனிலாவைத் தவிர வேறு யார் கையாலும் சாப்பாடு இறங்காது. இது அக்ரிபினாவுக்குத் தெரியும். ஆகவே, பெட்டி வாங்க நெயோனிலா புறப்பட்டபோது, யாரும் கூப்பிடாமலேயே கோட்டை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள்.

"நானும் வர்றேன், பொண்ணே. உனக்கு அளவு தெரியாது. கடைக்காரன் ஏமாத்திடுவான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு தாந்தி. உங்க கண்ணு இருந்தா எனக்கு பயமே இல்லை" என்றாள் நெயோனிலா. அங்கே வயதில் மூத்தவளை தாந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். கண் என்ற வார்த்தை அக்ரிபினாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படியிறங்கினாள்.

கீழே தரைத்தளத்து ஸினோவியா சேர்ந்துகொண்டாள். மழலையர் பள்ளியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு ஊரில் இரண்டு விஷயத்தில் கடைசி வார்த்தை உண்டு. ஒன்று முட்டைக்கோஸ் ஊறுகாய். மற்றது குறுக்குக் காற்று.

குறுக்குக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் பனியை மன்னிப்பார்கள், சேற்றை மன்னிப்பார்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்து, நடுவே காற்று ஓடினால் மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். காது வலி, கழுத்துப் பிடிப்பு, வாய் கோணல், கருச்சிதைவு, கணவன் ஓடிப்போவது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். டிராலிபஸ்ஸில் ஜூலை மாத வெயிலில் யாராவது ஜன்னலைத் தள்ளினால், அக்ரிபினா டிக்கெட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாத்துவாள். முப்பத்தொரு கோடைகாலம் சாத்தியிருக்கிறாள். மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஆனால் ஒருத்தருக்கும் வாய் கோணவில்லை.

கடையில் மடிக்கு ஏற்ற அளவில் இரண்டுதான் இருந்தன. ஒன்று துணிப்பை. மூன்று பக்கமும் வலை, மேலே ஜிப், அடியில் மெத்தை, வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை இழுத்து விரித்துக்கொள்ளலாம். அக்ரிபினாவின் கண் ஒரு பார்வையில் சொல்லிவிட்டது: இரண்டு பூனை, தாராளமாக, வாலோடு. மற்றது கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. பச்சை நிறம், மேலே குறுகிக்கொண்டே போகிற கூரை, முன்னால் ஒரு கம்பிக் கதவு, பக்கத்தில் பெயருக்கு நாலு கீறல். கண் மறுபடியும் சொன்னது: ஒன்றரைப் பூனை. ஒன்றே முக்கால்கூட இல்லை. ஒன்றரை.

"இந்த வலைப்பை நல்லா இருக்கே" என்றாள் நெயோனிலா.

"வலையா?" என்று ஸினோவியா மூச்சை இழுத்தாள். "மூணு பக்கமுமா? அடிப்பாவி, முப்பது மணி நேரப் பயணம். இந்தப் பக்கம் காத்து உள்ள வரும், அந்தப் பக்கம் வெளிய போகும். நடுவுல யாரு? ரெண்டு வாயில்லா ஜீவன்!"

கடையிலிருந்த பெண் இருபது வயதுக்காரி, மூக்கில் வளையம். "ஏங்க, பூனைக்குக் காத்து வேணும்ங்க. மூச்சு விடணும்ல?"

"எங்க சித்தப்பா மகனும் மூச்சு விடணும்னுதான் கார் ஜன்னலைத் திறந்தான். இன்னிக்கும் சூப் குடிச்சா பாதி சட்டையில."

"பூனைங்க சூப் குடிக்காதுங்க."

"வாயி வேற நீளம்! நீ முதல்ல ஒரு துணியைக் கழுத்துல சுத்து. அக்டோபர் மாசம்."

நெயோனிலா அக்ரிபினா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க தாந்தி. பச்சைப் பெட்டியில ரெண்டும் கொள்ளுமா?"

இதுதான் அந்தத் துரோகம் நடந்த இடம். அக்ரிபினா பெட்டியைப் பார்த்தாள், வலைப்பையைப் பார்த்தாள். குறுக்குக் காற்று என்பதை அவளும் மனசார நம்பினாள், அது பொய்யில்லை. பொய்க்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டால் மனுஷர் எவ்வளவு நிம்மதியாகப் பொய் சொல்கிறோம்!

"ஸினோவியா சொல்றது சரிதான். காத்து அடிக்காத பெட்டிதான் பெட்டி" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. பச்சைப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. பூனையைப் பெட்டியில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போடாதவர்கள் நம்ப மாட்டார்கள். பிப்பெரை உள்ளே தள்ளினால் பெட்டி நிறைந்தது. லினாவைத் தள்ளினால் அவள் நான்கு காலையும் கதவு விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்கள். பெட்டியை நிமிர்த்தி, மேலிருந்து இறக்கிப் பார்த்தார்கள். ஸினோவியாவுக்கு முழங்கைவரை கீறல். நெயோனிலா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"வலைப்பையையே வாங்கிடட்டுமா?" என்றாள். பிறகு அவளே தலையை ஆட்டினாள். "வேண்டாம். வழியில காத்து அடிச்சு ஒண்ணு செத்துப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட அவர் முன்னாடி நிப்பேன்?"

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "தாந்தி, பிப்பெர் உங்ககிட்ட இருக்கட்டுமா? உங்களுக்குப் பூனைன்னா பிடிக்காதுன்னு தெரியும்..."

அக்ரிபினா முகத்தைச் சுளித்தாள். நன்றாகவே சுளித்தாள். "சூப்புல முடி விழும்" என்றாள். "சரி, கொண்டா. தெருவுலயா விட முடியும்?"

மத்தியானத்துக்குள் பிப்பெர் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தாயிற்று. பால்கனிக் கதவைச் சாத்தியாயிற்று. நீலக் கிண்ணம் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அதில் வேகவைத்த கோழி ஈரல், பொடிப்பொடியாக நறுக்கி. ஜன்னல் திட்டில் ஒரு கம்பளித் துண்டும் விரித்தாயிற்று. "வாடா ராஜா. ரெண்டாவது மாடிக்காரி புதுசா ஒருத்தனோட வர்றா பாரு" என்று அக்ரிபினா கூப்பிட்டாள்.

பிப்பெர் ஜன்னலுக்கு வரவில்லை, கிண்ணத்துக்கும் வரவில்லை. சோபாவுக்குப் பக்கத்தில், சுவர்க்காகிதத்தில் பூப்போட்ட ஓர் இடத்தில் மூக்கு ஒட்டும்படி உட்கார்ந்துகொண்டது. முதுகு இந்தப் பக்கம். அரை மணி, ஒரு மணி. வால்கூட அசையவில்லை.

புது இடம், பழகிவிடும் என்று நினைத்தாள். ஈரல் பிடிக்காதோ என்று கேட்டுவருவதற்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சாமான் எல்லாம் போய், நெயோனிலாவின் அறை வெறிச்சென்று கிடந்தது. சூட்கேஸ் ஒன்று, இரண்டு முக்காலி, பச்சைப் பெட்டி. சுவர் ஓரத்தில் லினா. மூக்கு சுவரில், முதுகு இந்தப் பக்கம்.

அக்ரிபினாவின் கண் அதன் பழக்கப்படி அளந்தது. ஜன்னலிலிருந்து பதினோரு சாண்.

"என்ன தாந்தி?" என்றாள் நெயோனிலா.

"உப்பு... ஒரு கோப்பை உப்பு இருக்குமா?"

உப்போடு திரும்பிவந்து தன் வீட்டில் அளந்தாள். ஜன்னலிலிருந்து பிப்பெர் உட்கார்ந்திருந்த இடம் பதினோரு சாண்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவர் கான்கிரீட் பலகை. ஆணி அடிக்கவே ஆள் கூப்பிட வேண்டும். அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிப்பெர் எழுந்தது. சுவரை உரசிக்கொண்டே மெல்ல நடந்து, அலமாரி ஓரத்து மூலையில் போய் உட்கார்ந்தது. அக்ரிபினா செருப்புகூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

லினா மூலையில் இருந்தாள்.

"மறந்தே போச்சு, இன்னும் கொஞ்சம் உப்பு."

"இப்பத்தானே தந்தேன்?"

"ஊறுகாய் போடறேன் பொண்ணே."

மூன்றாம் தடவை போனபோது இரண்டும் ஜன்னல் பக்கமாக நகர்ந்திருந்தன. இந்தப் பக்கம் நாலு சாண், அந்தப் பக்கமும் நாலு சாண். நெயோனிலா ஒன்றும் கேட்காமலே உப்பு டப்பாவை எடுத்தாள். அக்ரிபினா தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, பிப்பெருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, தானும் காதைச் சுவரில் வைத்தாள். யாருடைய குளிர்சாதனப் பெட்டியோ முனகுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. ஆனால் அவள் கன்னத்துக்கு இரண்டங்குலம் தள்ளி, அந்தச் சின்ன மூக்கு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது, அல்லது முகர்ந்துகொண்டிருந்தது, அல்லது மனுஷர் பெயர் வைக்காத வேறு எதையோ செய்துகொண்டிருந்தது. அக்ரிபினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். தேவாலயத்தில் போடுகிற அவசரச் சிலுவை இல்லை. மெதுவாக, நெற்றியிலிருந்து நெஞ்சுவரை, ஒழுங்காக.

மேஜைமேல் மூன்று கோப்பை உப்பு. ஊறுகாய் போட ஒரு முட்டைக்கோஸ்கூட வீட்டில் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் பக்கத்து வீட்டுக்குப் போனபோது, இடது கையில் பிப்பெர், வலது கையில் தன் பெரிய குளிர்காலக் கோட்டு. யோசித்து வைத்திருந்தாள். முதலில் உண்மையைச் சொல்லிவிடுவது: "பெட்டி பத்தாதுன்னு கடையிலேயே எனக்குத் தெரியும். வேணும்னேதான் வாயை மூடிக்கிட்டேன்." அப்புறம் கோட்டைக் கொடுப்பது. லினாவைப் பெட்டியில் வைத்து, பிப்பெரைக் கோட்டுக்குள் போட்டு பட்டனைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆயிரம் வாத்துகளைப் பிடித்தவளுக்கு, பிடிபடாமல் போவது எப்படி என்று தெரியாதா? கை எங்கே இருக்க வேண்டும், எப்போது இரும வேண்டும் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உள்ளே அமளி. லினா விடிந்ததிலிருந்து அடுப்புக்குப் பின்னால் புகுந்துகொண்டு வர மறுக்கிறாள். ஸினோவியா துடைப்பக் கட்டையோடு தரையில் படுத்திருந்தாள். "எலிசபெத் மகாராணி! வெளிய வாடி! உனக்காக பஸ் நிக்குமா?" டுடோர் போனில் நாலு தடவை கூப்பிட்டுவிட்டான். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்.

"நெயோனிலா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று அக்ரிபினா ஆரம்பித்தாள்.

"அப்புறம் தாந்தி. முதல்ல இவளை..."

"இல்லை, இப்பவே சொல்லணும். அந்தப் பெட்டி..."

"போதும்!" என்று ஸினோவியா எழுந்து துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். "பதட்டத்துல புறப்பட்டா பாதி வழி தாண்டாது. எல்லாரும் உக்காருங்க. பயணத்துக்கு உக்காருங்க. பேசக்கூடாது."

இது அங்கே தட்ட முடியாத வழக்கம். நெடும்பயணம் புறப்படுமுன் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். மந்திரியானாலும் உட்கார வேண்டும், விமானம் போய்விடுமென்றாலும் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. திறந்தவர், போகிறவரின் வழியைக் கெடுத்தவர். நெயோனிலா சூட்கேஸ் மேல் உட்கார்ந்தாள். ஸினோவியா ஒரு முக்காலியில். அக்ரிபினா இன்னொன்றில், மடியில் பிப்பெர், காலடியில் கோட்டு, நுனி நாக்கில் உண்மை. வாழ்நாளெல்லாம் பேசியே தீர்த்தவளுக்கு, பேசியே ஆக வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் வாய்ப்பூட்டு.

பச்சைப் பெட்டி அறையின் நடுவில் கதவு திறந்து கிடந்தது.

அறை அமைதியாயிற்று. முந்தைய நாளிலிருந்து அந்த வீட்டில் அமைதி என்பதே இருந்ததில்லை. அப்போதுதான் அது எல்லோருக்கும் தெரிந்தது. கீழே யாரோ கம்பளத்தை அடிக்கிற சத்தம், நின்றது. வெயில் ஜன்னலிலிருந்து தரையில் விழுந்து பெட்டியின் வாசல்வரை வந்திருந்தது. மூன்று பெண்களும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து லினா வந்தாள். ஓடி வரவில்லை. தேவாலயத்தில் நடுவழியில் நடப்பதுபோல் வந்தாள். அக்ரிபினாவின் முழங்காலடியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். பிப்பெர் மடியிலிருந்து இறங்கியது. இறங்கியபோது அதன் எடை, நாலு கிலோ இருநூறு என்று அவளுக்குத் தெரிந்த எடை, அவள் தொடையிலிருந்து ஒவ்வொரு காலாக விடுபட்டுப் போயிற்று. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்தன. ஒரு மூச்சு நேரம். நடுவே சுவர் இல்லை.

பிறகு லினா பெட்டிக்குள் போனாள். தானாக. ஒரு சுற்று சுற்றினாள், வலப்பக்கமாகப் படுத்தாள். பிப்பெர் வாசலில் நின்று உள்ளே பார்த்தது. இடமில்லை. அக்ரிபினாவின் கண் சொன்னது, இடமில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகாத கண். பிப்பெர் தலையை உள்ளே வைத்தது. அப்புறம் நடந்ததை நுழைந்தது என்று சொல்ல முடியாது. சட்டியில் கூழ் ஊற்றினால் அது எப்படி இறங்குமோ அப்படி இறங்கியது. தோள் எங்கே போயிற்று, எலும்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. லினா முன்காலைத் தூக்கினாள், அந்த இடைவெளியில் ஒரு தலை போயிற்று. இடுப்பைத் திருப்பினாள், ஒரு முதுகு போயிற்று. வால் கடைசியாக, அவசரமில்லாமல், உள்ளே சுருண்டது. வெள்ளை எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் ஒரே உருண்டை. குழாய்க்குப் பின்னால் ஐந்து வருடத்துக்கு முன் கிடந்ததே, அதே உருண்டை. அது மெல்ல உயர்ந்தது, மெல்லத் தாழ்ந்தது. ஒரே மூச்சு. பெட்டியில் மூலைக்கு மூலை இடம் மிச்சம் இருந்தது.

நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. ஒருவரும் எழவில்லை. ஸினோவியாவின் வாய் திறந்திருந்தது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதுவும் ஓர் அதிசயம்தான். நெயோனிலா அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அக்ரிபினா பெட்டியையே பார்த்தாள். அவளுக்குள் இருந்த தராசு முள் ஒருமுறை ஆடி, எந்த எண்ணிலும் நிற்க மனமில்லாமல் அப்படியே நின்றுபோயிற்று. பயமாகவும் இருந்தது. அந்தப் பயம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

நெயோனிலா தவழ்ந்து போய், குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவதுபோல் அந்தக் கம்பிக் கதவைச் சாத்தினாள்.

கீழே படிவாசலில் ஸினோவியா, முன்கூட்டியே ஓடிப்போய், நிறை வாளித் தண்ணீரோடு எதிரே வந்தாள். வெறும் வாளி எதிரே வந்தால் போன காரியம் உருப்படாது என்பதால், புறப்படுகிறவர்களுக்காக அவள் வாளி எப்போதும் தயார். நெயோனிலா அதில் ஒரு காசைப் போட்டாள்.

பஸ் நிலையத்தில் ஃபிலிமோன் மடியளவை ஒரு குச்சியால் அளந்துவிட்டுக் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான். "ஒரு பூனையா, ரெண்டா?"

"நீயே எண்ணிக்கோ" என்றாள் அக்ரிபினா.

அவன் எண்ணினான். "மூணு காது தெரியுது." மறுபடியும் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அப்புறம், எதற்கென்று அவனுக்கே தெரியாமல், தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஏறுங்கம்மா. மெதுவா ஏறுங்க." பிறகுதான் அக்ரிபினாவின் கையிலிருந்த கோட்டைக் கவனித்தான். "அதுல என்ன?"

"ஒண்ணுமில்லை. அமுக்கிப் பாரேன்."

நெயோனிலா ஜன்னலோர இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது விட்டால் எப்போதும் இல்லை. அக்ரிபினா எட்டி, கண்ணாடி இடுக்கில் வாயை வைத்தாள்.

"பொண்ணே, கடையில அந்தப் பெட்டி பத்தாதுன்னு எனக்குத் தெரியும். வலைப்பைதான் சரின்னும் தெரியும்."

"தெரியும் தாந்தி."

"என்ன தெரியும்?"

"போன வாரம் மாவு கேட்டு வந்தேனே. டப்பாவுக்குப் பின்னாடி மீன் படம் போட்ட கிண்ணத்தைப் பார்த்தேன். பிப்பெரைக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் அது எதுக்குன்னு உறைச்சுது." நெயோனிலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து நீங்க மூணாவது தடவை உப்பு கேட்டு வந்தப்ப, நல்லா நாலு வார்த்தை கேட்டுடலாம்னுதான் இருந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்தேன், கேட்கத் தோணலை. காலையில கேட்கலாம்னா, உக்காந்துட்டோமே."

ஃபிலிமோன் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு பஸ்ஸைக் கிளப்பினான். ஜன்னல் முழுக்கச் சாத்தியிருக்கிறதா என்று கடைசி நிமிடத்தில் பார்க்கிற பழக்கம் அக்ரிபினாவுக்கு உண்டு. சாத்தியிருந்தது. அவள் பஸ்ஸோடு சேர்ந்து ஓடிக் கண்ணாடியைத் தட்டினாள். "கொஞ்சம் திற! அதுங்களுக்குக் காத்து வேணும், கொஞ்சமாத் திற!" என்று கத்தினாள். நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெரோனாவிலிருந்து போன் வந்தது. வழியில் நிறுத்தின இடத்திலெல்லாம் கதவைத் திறந்து, கழுத்தில் வார் கட்டித்தான் இறக்கினாளாம்; தண்ணீர் குடித்துவிட்டு இரண்டும் தாமாகவே உள்ளே போய் மறுபடியும் ஒன்றாயினவாம். இப்போது கட்டிலுக்கடியில் இருக்கின்றனவாம். அக்ரிபினா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எந்தச் சுவர்ப் பக்கமாவது மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா?" இல்லை என்றாள் நெயோனிலா. அக்ரிபினா நீலக் கிண்ணத்தில் மூன்று கோப்பை உப்பையும் கொட்டி, மூடி வைத்தாள்.

அந்தக் கதையை இப்போது அவளே எல்லோருக்கும் சொல்கிறாள், தன் திருட்டுத்தனத்தோடு சேர்த்தே. அந்தப் பகுதியைக் கொஞ்சம் வேகமாகச் சொல்வாள். பெட்டியின் அளவைக் கையால் காட்டும் இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். முதல் வாரம் அது ரொட்டி வைக்கிற பெட்டி அளவு இருந்தது. பனி விழத் தொடங்கியபோது செருப்புப் பெட்டி. கிறிஸ்துமஸுக்கு வந்த உறவுக்காரர்களிடம் சொன்னபோது அவளுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு ஆப்பிள்தான் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸினோவியா எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள்; பிறர் சொல்லில் பிழை பிடிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "அவ்வளவுதான் இருந்துச்சு."